ஒரே எண்ணில் இரண்டு வரைபடங்கள்

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ மறந்து வைத்துவிட்டுப் போன வரைபடச் சுருள் பீரோ மேல் பத்திரமாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக் கட்டை ஞாபகமாக எடுத்துக்கொண்டு, பிழைப்புக்கான காகிதத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டால் அப்படித்தான் போலிருக்கிறது. மறுநாள் காலை போன் செய்து, "அம்மா, அதை யாரும் பிரிக்காதீங்க, நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாய் பார், அங்கேதான் தப்புப் பண்ணினாய். பதினெட்டு வருஷம் ட்ரேசிங் மேஜையில் குனிந்து கிடந்தவளிடம் ஒரு சுருளைக் காட்டிப் பிரிக்காதே என்றால் அவள் சும்மா இருப்பாளா? பிரித்தேன். கூடத்துத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். பூந்தமல்லி மருத்துவமனைக் கட்டடம். கம்ப்யூட்டர் போட்ட கோடுகளில் எனக்கு அவ்வளவாக மயக்கம் கிடையாது. இருந்தாலும் என் பிள்ளை வரைந்தது என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பதினோராவது தாள் வரைக்கும்.

பதினோராவது தாள் இரண்டு இருந்தது. லிஃப்ட் குழி. இரண்டிலும் அதே வரைபட எண், அதே தேதி, எத்தனை முறை திருத்தியது என்று காட்டும் ரிவிஷன் கட்டத்தில் அதே பூஜ்யம். ஒன்றில் குழியின் உள்நீளம் 1900 மில்லிமீட்டர், மற்றதில் 2600. 1900 தாளில் 'தளத்துக்கு வழங்கப்பட்டது' என்று முத்திரை இருந்தது. 2600 தாளில் எந்த முத்திரையும் இல்லை. நடந்ததை ஊகிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஸ்ட்ரெச்சரோடு ஆளை ஏற்ற வேண்டும் என்று டாக்டர் கடைசியில் கேட்டிருப்பார். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் புது அளவு அனுப்பியிருப்பார்கள். நீ கம்ப்யூட்டரில் அளவை மாற்றிவிட்டு, ரிவிஷன் எண்ணை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது உன் அப்பாவிடம், "அடுத்த வாரம் திங்கட்கிழமை லிஃப்ட் குழிக்கு கான்கிரீட்பா. காலைல நான் முன்னாடியே போய் ஒரு ஷீட்டை மாத்தி வெச்சுட்டா போதும், யாருக்கும் தெரியாது" என்று நீ சொன்னது அப்போது என் காதில் விழுந்தது. வடை வெந்துவிட்டதா என்ற கவலையில் அதை விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை தரையில் உட்கார்ந்து இரண்டு தாளையும் பார்த்தபோதுதான் நீ சொன்னதன் அர்த்தம் புரிந்தது.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை அப்பா முதல் பஸ்ஸில் வந்து சுருளையும் இந்தக் கடிதத்தையும் உன் கையில் தருவார். அவருக்கு டிபன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. நீளமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதே. அம்மா சட்டம் பேச வரவில்லை. நீ திங்கட்கிழமை செய்யப் போகிற அதே காரியத்தை நான் ஒருமுறை செய்து முடித்தவள். அது எங்கே போய் நின்றது என்பதை உன் அப்பாவைத் தவிர வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த டிசைன் ஆபீஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிரிண்ட் மெஷினின் அமோனியா வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாய். எங்கள் வேலை என்னவென்றால், என்ஜினீயர் பென்சிலில் போட்டதை ட்ரேசிங் பேப்பரில் மையால் எடுப்பது. அதை மெஷினில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்துத் தளத்துக்கு அனுப்புவார்கள். அளவு மாறினால் புதிதாக ஒரு தாள் வரைய நேரம் இருக்காது. பாதி பிளேடை எடுத்து, ட்ரேசிங்கில் காய்ந்த மையை மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புது எண்ணை எழுத வேண்டும். கை அழுந்தினால் தாள் ஓட்டையாகிவிடும். மற்றவர்கள் சுரண்டிய இடம் பிரிண்டில் புகை படிந்த மாதிரி தெரியும். நான் சுரண்டினால் ஒன்றும் தெரியாது. எங்கள் முதலாளி சார் வெளியாட்களிடம் என் ட்ரேசிங்கைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "எங்க திருத்தியிருக்குன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்று பந்தயம் கட்டுவார். நானும் தலை குனிந்துகொண்டு உள்ளுக்குள் பூரித்துப் போவேன். அவருக்கு ரிவிஷன் எண் போடுவது பிடிக்காது. "ஒண்ணு, ரெண்டுன்னு ரிவிஷன் ஏறிக்கிட்டே போனா பார்ட்டி என்ன நினைப்பான்? நமக்கு வரையவே தெரியலன்னு நினைப்பான். நீ சுரண்டிடும்மா" என்பார். நான் சுரண்டிவிடுவேன்.

நீ அஞ்சாவது படிக்கும்போது திருமழிசையில் ஒரு ஷெட் வேலை வந்தது. இரும்புத் தகடு அழுத்துகிற மெஷினை நிறுத்த ஒரு கான்கிரீட் மேடை. மேடையில் ஆறு போல்ட்களை முதலிலேயே நிறுத்திக் கான்கிரீட் போட வேண்டும். மெஷின் வந்ததும் அதன் அடித்தகட்டின் ஓட்டைகள் அந்த ஆறு போல்ட்களில் போய் உட்கார வேண்டும். போல்ட்டுக்கு போல்ட் இடைவெளி 620 என்று வரைந்து பிரிண்ட் கொடுத்துவிட்டோம். பத்து நாள் கழித்து மெஷின்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது, மாடல் மாறிவிட்டது, இடைவெளி 680 என்று. சார் வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் பிளேடை எடுத்தேன். ஒரே ஒரு இலக்கம். இரண்டை எட்டாக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் சுரண்டியதில்லை.

அந்தத் தாளைத் தளத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் என்னிடமே வந்தது. மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சிமென்ட் கொட்டகைச் சுவரில் ஆணியில் பழைய பிரிண்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், பழையதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ் பிடித்து வந்துவிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் 'ஏன் மாறியது, எப்போது மாறியது' என்று கேள்வி வரும், சாருக்குச் சங்கடம். வேலை சுத்தமாக முடிந்தது என்று நிம்மதியாக வந்தேன். நீ திங்கட்கிழமை காலை போய் வருவாயே, அதே நிம்மதி.

அங்கே கஜேந்திரன் என்று ஒரு மேஸ்திரி. பாடிப் பக்கத்து ஆள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வாயில் வெற்றிலை ஓயாது. காரியத்தில் கெட்டிக்காரர். கெட்டிக்கார மேஸ்திரி என்ன செய்வார்? கான்கிரீட் அன்று காலையிலா படத்தைப் பார்ப்பார்? படம் கைக்கு வந்த மறுநாளே அளவெடுத்து, பிளைவுட்டில் ஆறு துளை போட்டு, போல்ட் நிறுத்தும் அச்சுப்பலகையைத் தயார் செய்து ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். பழைய தாளைப் பார்த்து, 620-க்கு. நான் மாட்டிய புதுத் தாளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அதே எண், அதே தேதி, அதே தாள். பலகையை வைத்தார், போல்ட் நிறுத்தினார், கான்கிரீட் போட்டார்.

மெஷின் வந்து இறங்கிய அன்று ஒரு போல்ட்கூட உட்காரவில்லை. எங்கள் சார், கான்ட்ராக்டர், மெஷின் பார்ட்டி எல்லோரும் நின்றார்கள். குறிப்பு எழுத நானும் போயிருந்தேன். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி வந்து பார்த்தார்கள். தெளிவாக 680. மேஸ்திரியின் பலகையை அளந்தார்கள். 620.

"இன்னா சார் சொல்றீங்க? அறுநூத்தி இருபதுன்னுதான் சார் போட்டு இருந்துச்சு. என் கண்ணால பாத்துதானே பலக அறுத்தேன்" என்றார் கஜேந்திரன்.

"அப்ப இது என்னய்யா? படம் தானா மாறிச்சா?" என்று கான்ட்ராக்டர் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவர் வாங்கிப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் கோபம் இருந்தது. அப்புறம் அது போய் ஒரு குழப்பம் வந்தது. வெற்றிலை மெல்லுவது நின்றுவிட்டது. "எட்டாதான் கீது" என்று மெதுவாகச் சொன்னார். சார் என்னைப் பார்க்கவில்லை, நானும் சாரைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பழைய தாளைப் பேசாமல் ஆணியிலேயே விட்டிருந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் தப்பு என்று கண்டுபிடித்திருப்பார்கள். நான் மாற்றி வைத்ததால்தான் அவர் குற்றவாளியானார். இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். நான் சுரண்டியது ஒரு தப்பு. அதனால் ஒரு மேடையை உடைக்க வேண்டி வந்தது. யாருக்கும் தெரியாமல் தாளை மாற்றினேனே, அது வேறு ரகம். அது ஒரு மனிதர் மேல் போய் விழுந்தது.

அடுத்த நாள் மேடையை உளி வைத்து உடைக்க ஆரம்பித்தார்கள். கஜேந்திரனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளில் ஒரு நாள் நீ புது நோட்டுகளுக்கு அட்டை போட உட்கார்ந்தாய். பழைய பிரிண்ட்களைத்தான் எப்போதும் உனக்கு அட்டைக்குக் கொண்டுவந்து தருவேன், வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி மடிப்பாய். கேட்காமல் என் கைப்பையிலிருந்து அந்தப் பழைய 620 தாளை எடுத்து விரித்து, கத்தரிக்கோலைக் கையில் பிடித்திருந்தாய். உன்னை ஓங்கி அறைந்தேன். அழக்கூட மறந்து என்னையே பார்த்தாய். 'ஒரு பேப்பருக்காக எங்கம்மா என்னை அடிச்சாங்க' என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாயே, அந்த அடிதான் இது. அது பேப்பருக்காக இல்லையடா. உன் கையில் கத்தரியைப் பார்த்ததும், 'வெட்டட்டும், வெட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது' என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு நான் என்னை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். உன்னை அடித்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

சத்தம் கேட்டு உன் அப்பா வந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உங்க ஆபீஸ்ல பழைய டிராயிங்கை வாங்கிக்காம புதுசைக் கொடுப்பீங்களா? எங்க ஃபேக்டரில பழசைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் புதுசு கைக்கே வரும்" என்று ஏதோ உலக அதிசயத்தைக் கேட்கிற மாதிரி கேட்டார். அப்புறம், "நாளைக்குப் போய்ச் சொல்லிடு. இதை வெச்சுக்கிட்டு உன்னால சோறு திங்க முடியாது" என்றார். மறுநாள் காலை சார் மேஜையில் தாளை விரித்து வைத்தேன். அவர் முதலில் கதவைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. அப்புறம் தாளைப் பார்த்தார். "ரிவிஷன் போட வேணாம்னு சொன்னவன் நான்தானே" என்று மட்டும் சொல்லி, கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அந்த விஷயத்தில் அவர் பெரிய மனுஷர். என் பெயரையும் சொன்னார், தன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

கஜேந்திரனிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பாடியில் ஒரு சின்ன வீட்டு வேலையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, இன்னா இவ்ளோ தூரம்?" என்று துண்டால் ஒரு கல்லைத் தட்டி உட்காரச் சொன்னார். மூக்கில் புதுக் கண்ணாடி. பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியோடு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டுதாம்மா. ரெண்டுதான் போட்டு கீது."

"ஆமாங்க. நான்தான் மாத்தினேன். நான்தான் இதைக் கழட்டிட்டுப் போனேன்."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. "கண்ணு பூட்ச்சுன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. டாக்டரு கண்ணு நல்லா கீதுன்னாரு. நான் நம்பல. சண்ட போட்டு இத்த வாங்கி மாட்டிகினேன்" என்றார். தாளை மெல்ல மடித்துக்கொண்டே, "இந்தப் பேப்பர நான் எடுத்துக்கவா? ஊட்ல காட்டணும்" என்றார்.

கான்ட்ராக்டர் அவரைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் போகவில்லை. முப்பது வருஷமாக எண்ணைப் படித்துக் கட்டடம் கட்டின மனிதர், மூன்று நாள் தன் கண்ணையே நம்பாமல் இருந்திருக்கிறார். மேடையை மூன்று வாரத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள். அவருக்கு நான் செய்ததை எத்தனை வாரத்தில் சரிசெய்ய முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் எங்கள் ஆபீஸில் படம் வெளியே போகும் முறையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டேன். ஒரு நீள நோட்டு. எந்தப் படம், எத்தனையாவது ரிவிஷன், யார் கையில், என்றைக்கு. பழைய பிரிண்ட் திரும்பி வந்து அதன் மூலையை நான் கிழிக்காமல் புதுப் பிரிண்ட் என் மேஜையைத் தாண்டாது. பெரிய பெரிய என்ஜினீயர்கள் எல்லாம் "அம்மா, அவசரம்மா" என்று கெஞ்சுவார்கள். "பழசு எங்கே?" என்பேன். என் பின்னால் எனக்குப் 'பழசு அம்மா' என்று பெயர் வைத்தார்கள், அதுவும் எனக்குத் தெரியும். பார்ட்டி டீ குடித்துக்கொண்டே "அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளிடுங்களேன்" என்று சொல்வதை வைத்து யாரும் பேனாவைத் தொடக்கூடாது என்றேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையெழுத்து வாங்கு, அப்புறம் தொடு. கையெழுத்துப் போடச் சொன்னால் பாதிப்பேர், "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விடுவார்கள். அப்படிப் போனவை அத்தனையும் நாம் கட்டி உடைக்காமல் தப்பித்த சுவர்கள். முடிவாகாத இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வளைத்து 'இன்னும் முடிவாகவில்லை, இங்கே கட்டாதே' என்று படத்திலேயே எழுதினேன். சார் முதலில் அவமானம் என்று குதித்தார். தெரியாத அளவைத் தெரிந்த மாதிரி எழுதி அனுப்புவதுதான் அவமானம் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

இவ்வளவு செய்தவள் சொந்த வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? குவார்ட்டர்ஸை விட்டு சேக்காட்டில் வீடு கட்டினோமே, அந்தப் படம் முழுக்க நான் வரைந்தது. சமையலறையை மட்டும் மூன்று நாள் இழைத்து இழைத்து வரைந்தேன். மேடை உயரம் என் இடுப்புக்குச் சரியாக. கட்டி, கடப்பா கல்லும் பதித்தாயிற்று. குடி வந்த ஒரு வாரத்தில் உன் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் பாதி நாள் சமைப்பது அவர், அவர் என்னைவிட ஒரு முழம் உயரம் என்பது வரைந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை, கேட்கவுமில்லை. கல்லைப் பெயர்த்து, மேடையை உடைத்து, திரும்பக் கட்டினோம். புழுதியில் நீ தும்மிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தாய். "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அதற்கு அவர், "நீ மையில அவ்ளோ அழகா வரைஞ்சு வெச்சிருந்தே. அதுல போய் என்னத்தச் சொல்றது?" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. படம் எவ்வளவு முடிந்த மாதிரி இருக்கிறதோ, பார்க்கிறவன் வாய் அவ்வளவு மூடிக்கொள்கிறது. உடைப்பில் பாதி அங்கே ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் எந்தப் படத்தையும் பென்சிலில், கோணல்மாணலாக இருக்கும்போதே மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோர் முன்னாலும் வைத்துவிடுவேன். அரை நாள் உட்காருவோம். "இந்தக் குழாய் இங்கே வந்தா என் கம்பி எங்கேம்மா போவும்?" என்பார் ஒருவர். "அப்ப பீம்ல ஓட்டை போடணும்" என்பார் இன்னொருவர். பென்சில் என்பதால் சண்டை போடக் கூச்சப்படமாட்டார்கள். அந்த அரை நாளைக் கொடுக்க மனசில்லாத ஆபீஸ், தளத்தில் அரை மாதத்தைக் கொடுக்கும். சண்டை எல்லாம் அந்த மேஜையிலேயே முடிய வேண்டும். முடிந்த பிறகு, இந்தத் தேதிக்கு மேல் மாற்றம் இல்லை என்று ஒரு நாளைக் குறித்து, பார்ட்டிக்கும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் மாற்றம் வரவே வராதா? வரும். ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட்டை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? அவர் கேட்டது நியாயம். மாற்றுவது குற்றமே இல்லையடா. மாற்றியதை ஊரறிய மாற்ற வேண்டும்.

என்னுடைய காலத்தில் பிளேடு எடுத்தால் தாளில் எங்கேயோ ஒரு மூலையில் ஒரு தழும்பாவது இருக்கும். நல்ல கண் உள்ளவன் வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடித்துவிடலாம். உன் கம்ப்யூட்டரில் அதுகூட இல்லை. நான் பதினெட்டு வருஷம் கற்றுக்கொண்ட வித்தையை அது ஒரு பொத்தானில் செய்கிறது. ரொம்ப நல்லது, என் கழுத்துவலி உனக்கு வேண்டாம். ஆனால் தழும்பே விழாத இடத்தில் தழும்பை நீதான் போட வேண்டும். ரிவிஷன் எண் என்பது அதுதான். 'இங்கே ஒரு முறை மனசு மாறியது, ஜாக்கிரதை' என்று தளத்தில் நிற்கிறவனுக்கு நீ சொல்கிற வார்த்தை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை நீ தாளை மாற்றினால் போதும் என்று நினைக்கிறாய். முத்திரையில் இருக்கும் தேதியைப் பார்த்தேன், அந்த 1900 தாள் தளத்துக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. கம்பி வளைக்கிறவர் இந்நேரம் குழிக் கம்பியை வெட்டி, வளைத்து, கட்டி அடுக்கியிருப்பார். குழியும் அந்த அளவுக்கே தோண்டியிருப்பார்கள். நீ ஆணியில் என்ன தாளை மாட்டினாலும் கான்கிரீட் அந்தக் கம்பி மேல்தான் விழும். லிஃப்ட் வந்து நுழையாதபோது உன் தாளைக் கழற்றிப் பார்ப்பார்கள். 2600 என்று இருக்கும். அப்புறம் அந்த மேஸ்திரி தன் கண்ணைச் சந்தேகப்பட ஆரம்பிப்பார்.

அதனால் சனிக்கிழமை போ. கல்யாணப் பத்திரிகை ஒரு நாள் காத்திருக்கும்; பெண் வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமையே உன் ஆபீஸில் ரிவிஷன் ஒன்று என்று போட்டுப் புதுப் பிரிண்ட் எடு. உன் ஆபீஸ் பெரியவரிடம், "அளவு மாறியது, நான் மாற்றினேன், எண் போடாமல் விட்டதும் நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. அவர் கத்துவார். ஐந்து நிமிஷம் கத்துவார். கல்யாணம் ஆகப்போகிற பையனை இதற்காக வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அனுப்பினாலும் அம்மா இருக்கிறேன். தளத்தில் பழைய தாள்கள் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டு ஒவ்வொன்றாக வாங்கு, மூலையைக் கிழி, அப்புறம் புதியதைக் கொடு. கொடுத்துவிட்டு வந்துவிடாதே. மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாய்விட்டுப் படித்துக் காட்டு, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல். கான்கிரீட் திங்கட்கிழமை நடக்காது, வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போகும். போகட்டும். வளைத்த கம்பியைப் பிரித்து வளைப்பது ஒரு வேலை, இறுகிய கான்கிரீட்டை உடைப்பது ஒன்பது வேலை.

நீ போவாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்குத் தப்புச் செய்ய வரும், மறைக்க வராது. இல்லாவிட்டால் இரண்டு தாளையும் ஒரே சுருளில் வைத்து எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போவாயா?

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை கை கழுவும்போது அப்பா உன்னிடம், "அங்க கம்பி வேலைக்கு மேஸ்திரி யாருப்பா?" என்று கேட்டார். நீ துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "யாரோ ஒரு ஆள்ப்பா" என்றாய். சனிக்கிழமை போனதும் சுருளைப் பிரிப்பதற்கு முன்னால் அவரிடம் பெயரைக் கேள்.

அம்மா